குரூப்பைப் பூட்டாதீர்கள்



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் சிதறியவர்கள் நாங்கள். ஊரில் யார் மௌத்து, யாருக்குக் கலியாணம் என்பதை ஆள்விட்டுத்தான் அறிந்தோம். இன்று முல்லைத்தீவுக்குத் திரும்பியவர்களையும் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களையும் ஒரே ஊராக வைத்திருப்பது ஒரு வட்ஸ்அப் குரூப்.

அதில் என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை வந்தால் வரிசையாக ஜும்ஆ முபாரக் படங்கள். போன மாதம் ஒரு உம்மா, பாடசாலைத் தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசு என்னவானது என்று கேட்டார். அன்றிரவே ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று பூட்டிவிட்டார்கள். பித்னாவைத் தவிர்க்கவாம்!

பித்னாவுக்குப் பயப்படுவது நியாயம்தான். 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது வெறுப்பு இந்தத் தொலைபேசிகள் வழியாகவும் பரவியது. அரசாங்கம் வட்ஸ்அப்பையே முடக்கியது. ஆனால் வதந்திக்கு மருந்து, “இதை யார் சொன்னது?” என்று நாலு பேர் முன்னால் கேட்பதுதான். பூட்டிய குரூப்பில் அதை யார் கேட்பது? கதை இன்பொக்ஸில் வளரும்.

கேள்வி கேட்கும் பிள்ளையை வெளியே நிறுத்தினால் வகுப்பு அமைதியாகும், படிப்பு நடக்காது. ஆசிரியர்களான எங்களுக்கு இது தெரியும்.

குர்ஆனில் ஷூரா என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. மஷூரா இல்லாத குரூப் வெறும் ஒலிபெருக்கி.

குரூப்பைத் திறங்கள். கணக்கைப் போடுங்கள். இரண்டு உம்மாமாரையும் அட்மினாக்குங்கள்.

ஒருமுறை எங்களை வெளியேற்றியவர்கள் வேறு ஆட்கள். இம்முறை நாங்களே எங்களை வெளியேற்ற வேண்டாம்.