பஸ் தனியார்கிட்ட போனா உங்க பர்ஸுக்கு என்ன ஆகும்?

"பஸ் தனியார்மயம்"னு செய்தி வந்தாலே, அது டிரைவர், கண்டக்டர் யூனியன் பிரச்சினைன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுறோம். என்னைக் கேட்டா, மாசம் 25,000 சம்பளம் வாங்குறவங்கதான் இதை முதல்ல கவனிக்கணும்.

சின்னக் கணக்கு. திருமங்கலத்துல இருந்து தினமும் மதுரைக்கு வேலைக்கு வர்றீங்க. போக வர 40 கிலோமீட்டர், 25 நாளைக்கு 1,000 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கொடுத்தா, பெட்ரோல் மட்டும் சுமார் 2,000 ரூபாய். இஎம்ஐ 3,000 சேர்த்தா 5,000. இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. சம்பளத்துல ஐந்துல ஒரு பங்கு ரோட்டுலயே போயிடுது! நம்பி ஏற ஒரு பஸ் இருந்தா, இதுல பெரும்பகுதி உங்க சேமிப்பு. விடியல் பயணத்தால பெண்களுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக் குழுவே சொல்லியிருக்கு.

இப்போ என்ன நடக்குது? சென்னையில 2023 மே 29 அன்னைக்கு, ஒப்பந்த டிரைவர்களை எடுக்குறதை எதிர்த்து தொழிலாளர்கள் திடீர்னு பஸ்ஸை நிறுத்தினாங்க. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில 120 மின்சார பஸ் ஓட ஆரம்பிச்சது. பஸ்ஸும் டிரைவரும் தனியார், கண்டக்டரும் டிக்கெட் வசூலும் எம்டிசி. ஓடுற கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்குப் பணம். 2025-26 மாநில பட்ஜெட்ல மதுரைக்கும் 100 மின்சார பஸ் அறிவிச்சிருக்காங்க. அதனால இது நம்ம ஊர் விஷயமும்தான்.

தனியார்னாலே மோசம்னு நான் சொல்ல வரல. ஒரு காலத்துல மதுரையில டிவிஎஸ் பஸ் வர்றதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்துவாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. 1972-ல் அது அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகமா மாறுச்சு. மின்சார பஸ்ஸோட விலையும் அதிகம். மொத்தமா முதல் போட கழகத்துக்கிட்ட பணம் இல்லைங்கிற வாதத்துலயும் நியாயம் இருக்கு.

ஆனா ஒரு ஆடிட்டரா நான் பார்க்குறது ரிஸ்க் யார் தலையிலங்கிறதை. இந்த ஒப்பந்தத்துல பஸ் காலியா ஓடினாலும் கம்பெனிக்குப் பணம் உண்டு. வசூல் குறைஞ்சா நஷ்டம் கழகத்துக்கு. 2018 ஜனவரிக்குப் பிறகு அரசு கட்டணத்தை ஏத்தல. அது நல்ல விஷயம்தான், ஆனா அது அரசோட கொள்கை முடிவு. அதனால வர்ற பற்றாக்குறையைக் காட்டி "அரசு பஸ்னாலே நஷ்டம்"னு சொல்றது தப்பான கணக்கு. நாளைக்குப் பணம் இறுகுச்சுன்னா, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டு, கழகம் எதை வெட்டும்? உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போற ராத்திரி கடைசி ட்ரிப்பைத்தான். செகண்ட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்றவங்க என்ன செய்வாங்க? மறுபடி பைக், மறுபடி இஎம்ஐ.

இங்கிலாந்துல லண்டனைத் தவிர மத்த ஊர்கள்ல 1986-ல் பஸ்ஸை மொத்தமா சந்தைக்கு விட்டாங்க. கிரேட்டர் மான்செஸ்டர் 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, 2025 ஜனவரிக்குள்ள எல்லா பஸ்ஸையும் தன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்துடுச்சு. இடையில போனது ஏறத்தாழ 37 வருஷம்! கையை விட்டுப் போனது திரும்ப வர அவ்வளவு காலம் ஆகுது.

அதனால தொழிற்சங்கங்கள் எழுப்புற குரலை, அவங்க சம்பளப் பிரச்சினைன்னு மட்டும் பார்க்காதீங்க. நாமளும் மூணு கேள்வி கேட்கணும்:

1. கிலோமீட்டருக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு?
2. எந்த ரூட், எந்த ட்ரிப் குறையாதுன்னு எழுத்துல இருக்கா?
3. கட்டணமும் விடியல் பயணமும் யார் கையில?

பத்து ரூபாய் கட்டணத்துல ஆர்டிஐ போட்டு ஒப்பந்த நகலைக் கேட்கலாம். ஃபண்ட் வாங்குறதுக்கு முன்னாடி எக்ஸ்பென்ஸ் ரேஷியோ பார்க்கிற நாம, தினமும் ஏறுற பஸ்ஸோட ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படிச்சுப் பார்ப்போம். உங்க ரூட்ல எந்த ட்ரிப் நின்னுபோச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க.