நாற்பதோடு கதவைச் சாத்துவானேன்?



சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் பந்தல் போட்டு ஓய்வூதிய முகாம் நடத்தினார்கள். ‘அனைவரும் வருக’ என்று பேனர். தையல் கடையை அரை நாள் பூட்டிவிட்டு ஆதார், பாஸ்புக் சகிதம் போய் வரிசையில் நின்றேன். மேஜையில் இருந்த பையன் ஆதாரைப் பார்த்தான். “உங்களுக்கு நாப்பத்தஞ்சு ஆயிருச்சுங்களேக்கா. நாப்பதுக்கு மேல அடல் பென்ஷன்ல சேர்க்க முடியாதுங்க” என்றான். எனக்குப் பின்னால் நின்றிருந்த பேக்கரி மாஸ்டர் அண்ணனுக்கு 43. அவரும் என்னோடு படியிறங்கினார்.

பையனைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி. 2015-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள்தான் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியான ஓய்வூதியம். நமக்குப் பின் துணைவருக்கும் அதே தொகை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று 2019-ல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்திலும் 40-தான் எல்லை. அதே ஆண்டு விவசாயிகளுக்கு வந்ததிலும் 40. முதல் திட்டத்தில் எழுதிய எண்ணை யாரும் யோசிக்காமல் படியெடுத்துக்கொண்டே போனார்களோ என்னவோ.

‘2015-லேயே சேர்ந்திருக்கலாமே’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது எனக்கு 35. ஆயிரம் ரூபாய் ஓய்வூதியத்துக்கு மாதம் 181 ரூபாய் கட்டினால் போதும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். அந்த 181 ரூபாய் கிடைக்காமல் போயிருக்காது. ஆனால் அந்த வருஷங்களில் என் கையில் வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்பே ஒரு பெயர் இருந்தது: பெரியவளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் டயாலிசிஸ், குழுக்கடன் தவணை, நகைச்சீட்டு. கடை வாடகை போக மிஞ்சியதில் அறுபது வயது கிழவிக்கென்று எடுத்துவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மகள் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன பிறகு, கடனும் அடைந்த பிறகு, மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிஞ்ச ஆரம்பித்தது போன வருஷம்தான். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படும்போதுதான் முதுமை ஞாபகத்துக்கு வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் தெருவில் தைக்கிற, இட்லி விற்கிற, ஆட்டோ ஓட்டுகிற பெரும்பாலானோரின் கதை இதுதான். சேமிக்க முடிகிற வயது எங்களுக்கு வரும்போது, சேர்கிற வயது போய்விடுகிறது.

குறைந்தது இருபது வருஷம் கட்டினால்தான் கணக்கு நிற்கும் என்பது அதிகாரிகளின் வாதம். அதையும் என் மகளை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தேன். 40 வயதில் சேர்பவர் 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு மாதம் 291 கட்டுகிறார். அவர் காலத்துக்கும் துணைவர் காலத்துக்கும் பிறகு நியமனதாரருக்கு 1.7 லட்சம் போகிறது. அந்த 1.7 லட்சத்தை 60 வயதுக்குள் சேர்க்க இந்தத் தவணை சரியாக வருகிறது என்றால் வட்டி ஏறத்தாழ எட்டு சதவீதம். அதே வட்டியில் பதினைந்து வருஷத்தில் சேர்க்க மாதம் சுமார் 490 ரூபாய் ஆகிறது. 40 வயதுக்காரர் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 1,454 கட்ட இன்றைக்கே அனுமதி இருக்கிறது. ஏறக்குறைய அதே தொகையை 45 வயதுக்காரி கட்டினால் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். அரசுக்கு இதில் என்ன நஷ்டம்? இப்போது சேர்பவர்களின் கணக்கில் அரசு தன் பங்காக எதுவும் போடுவதில்லை. வருமானம் குறைந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதி மட்டும்தான். எங்கள் பணத்தை நாங்களே அதிகமாகக் கட்டுகிறோம் என்கிறோம், அதற்கும் வயதா?

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அடல் திட்டத்துக்கு முன் 2010-ல் வந்த ஸ்வாவலம்பன் திட்டத்தில் 60 வயது வரை சேர இடமிருந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் 40 வயது எல்லையோடு இதைக் கொண்டுவந்தார்கள். மறுபக்கம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரும் வயதை 2017-ல் 65 ஆக்கினார்கள். 2021-ல் 70 ஆக்கினார்கள். இரண்டு திட்டங்களையும் நடத்துவது ஒரே ஆணையம். அங்கே இரண்டு முறை திறந்த கதவு, இங்கே ஒரு முறைகூட அசையவில்லை.

‘அப்படியானால் அந்தத் தேசியத் திட்டத்திலேயே சேருங்களேன்’ என்று முகாமில் ஒருவர் சொன்னார். நல்ல திட்டமாக இருக்கலாம். ஆனால் அதில் என்ன கிடைக்கும் என்பதைப் பங்குச் சந்தையும், 60 வயதில் வாங்கும் ஆண்டுத்தொகைத் திட்டத்தின் அன்றைய விகிதமும் முடிவு செய்யும். மாதம் இவ்வளவு என்று இன்றைக்கே தெரிவதுதான் எனக்கு வேண்டும். தபால் அலுவலகத்தில் ஐந்து வருஷ ஆர்.டி. போட்டிருக்கிறேன். அது முதிரும்போது மொத்தமாகக் கைக்கு வரும். மொத்தமாக வந்த பணம் எங்கள் வீட்டில் ஆறு மாதம் தங்கியதாக வரலாறு இல்லை. ஒரு சீமந்தம், ஒரு ஆஸ்பத்திரி, யாராவது ஒரு தம்பியின் அவசரம். மாதாமாதம் சொட்டுகிற பணத்தை மட்டும்தான் யாரும் கடன் கேட்பதில்லை.

அப்புறம் முதியோர் உதவித்தொகை. தமிழக அரசு 1,200 ரூபாய் தருகிறது. 80 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2007-லிருந்து 200 ரூபாயிலேயே நிற்கிறது. ஆதரவற்றவள் என்று எழுதிக் கொடுத்து வாங்க வேண்டிய தொகை அது. அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருக்கத்தானே அன்றைக்கு வரிசையில் நின்றேன்.

சேரும் வயதை 50 ஆக்குங்கள். தவணையை வயதுக்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷம் போதாது என்றால் ஓய்வூதியத்தை 65-ல் தொடங்குங்கள். அதுவரை மிஷினை மிதிக்க எனக்குக் காலில் தெம்பு இருக்கிறது. இதை நம் தொகுதி எம்.பி.க்கும் எழுதியிருக்கிறேன். விதி மாறும்வரை, ‘அனைவரும் வருக’ என்ற பேனரின் கீழே வயது வரம்பையாவது அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அன்றைக்கு மூன்று ஜாக்கெட் தைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்