ஊசி குத்தினால் தலைவிதியா?

ஆஸ்பத்திரியில் டாக்டருடைய கையிலோ நர்சினுடைய கையிலோ உபயோகித்த ஊசி தவறிக் குத்திவிட்டால் அதற்கு விபத்து என்று பெயர். உடனே பரிசோதனை, உடனே மருந்து. அதே ஊசி, குப்பை அள்ளுகிறவர் கையில் குத்திவிட்டால் மாத்திரம் அதற்குத் தலைவிதி என்று பெயர் வைத்து, மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றி, மறுபடியும் குப்பை அள்ள அனுப்பிவிடுகிறோம். இரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு இந்தக் கை உயர்ந்தது, அந்தக் கை தாழ்ந்தது என்ற பேதம் தெரியுமா? மனிதனுக்கல்லவா அந்தப் புத்தி இருக்கிறது!

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவருடைய இரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்து சாப்பிடாதபோதுகூட ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கே அது தொற்றுகிறது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரையிலும் பிடிக்கக்கூடியது. அதற்கு மூன்று தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இல்லை, மாத்திரை இருக்கிறது. ஊசி குத்திய இடத்தைப் பிழியாமல், வாயில் வைக்காமல், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். டாக்டர் அவசியம் என்று கண்டால், கூடுமானவரை 2 மணி நேரத்திற்குள் மாத்திரையை ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை. இராகுகாலம் ஒன்றரை மணி எப்போது என்று மனப்பாடமாய்ச் சொல்லுகிற நமக்கு, உயிரைக் காக்கும் இந்த இரண்டு மணிக் கணக்குத் தெரியவேண்டாமா?

1986ல் இந்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அந்த நிர்மலா கையுறைகூட இல்லாமல்தான் இரத்தம் சேகரித்தார். அன்று வசதியில்லை. இன்று என்ன சமாதானம் சொல்லுவது? 2004 முதல் சர்க்கார் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாய்க் கொடுத்துவருகிறது. 2017ம் வருஷத்துச் சட்டம், தொற்றுக்கு இடமுள்ள வைத்திய ஸ்தாபனங்களில் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனமும், பயிற்சியும், ஊசி குத்தினால் மருந்தும் கொடுக்கவேண்டுமென்கிறது. எல்லோரும் என்றால் துடைப்பம் பிடிப்பவரும் அதில் சேர்ந்தவர்தானே?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். குற்றம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. வீட்டில் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு, அதை அப்படியே தெருக்குப்பையில் எறிகிறவர் யார்? நாம்தானே! கெட்டியான டப்பாவில் போட்டு மூடிவைத்து, ஆஸ்பத்திரியில் கேட்டு ஒப்படைப்பதில் என்ன கஷ்டம்? குப்பை அள்ளும் தோழர்களுக்குத் தடித்த கையுறையும் தடுப்பூசியும் கிடைத்தனவா என்று கொம்யூன் பஞ்சாயத்தைக் கேட்க நமக்கு வாயில்லையா?

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ" என்று குத்துப்பட்டவர் வெட்கப்படுவதும் அறியாமையே. தொற்றியே விட்டாலும், தினந்தோறும் மருந்து சாப்பிடுகிறவர் நெடுங்காலம் வாழலாம்; இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவின் மூலம் மற்றவருக்கு அது பரவுவதுமில்லை. வெட்கப்படவேண்டியவர் ஊசி குத்துப்பட்டவரல்ல. ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு விதியின் மேல் பழி போடுகிறவரேயாவார்.