"திராட்சை ஜூஸ்தானே" என்று ஏமாறாதீர்! குவார்ட்டரை மிஞ்சும் ரெட் ஒயின் பாட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்:–

நாலு நண்பர்கள் ஒன்று கூடினால் ஆளுக்கொரு குவார்ட்டர் என்பது பழைய கணக்கு. இப்போது சில வீட்டு மாடிகளில் ஆளுக்கொரு ரெட் ஒயின் பாட்டிலைக் கொண்டு வந்து, "எது டாப்?" என்று ஊற்றிப் பார்க்கிறார்கள்.

"இது சரக்கே இல்லப்பா, வெறும் திராட்சை ஜூஸ். ரத்தத்துக்கு நல்லது" என்ற பேச்சும் கூடவே வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும்.

கணக்கு இதோ

ஒயின் பாட்டில் 750 மில்லி. ஆல்கஹால் 13 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 97 மில்லி. பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி.

அதாவது ஒரு பாட்டில் ஒயினைக் காலி செய்தவர் ஒன்றேகால் குவார்ட்டர் போட்டதற்குச் சமம். ஒரு பாட்டிலை நாலு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு ஏறக்குறைய ஒரு லார்ஜ். நாலு பேர், நாலு பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்!

இனிப்பா, துவர்ப்பா?

புதிதாகக் குடிப்பவரிடம் முதலில் ஜெயிப்பது இனிப்பு ஒயின். "போர்ட்" என்ற பெயர் போர்ச்சுக்கல் நாட்டின் போர்ட்டோ நகரால் வந்தது. அங்கே திராட்சை ரசம் புளித்து முடியும் முன்பே ஸ்பிரிட்டை ஊற்றி நிறுத்தி விடுவார்கள். சர்க்கரை மிஞ்சும். போதையும் 20 சதவீதத்தை எட்டும். நம் நாட்டில் அந்தப் பெயரில் வருவது எல்லாம் அப்படி அல்ல. லேபிளில் உள்ள சதவீதத்தைப் பார்ப்பதே வழி.

"டிரை" ரகத்தில் சர்க்கரை அநேகமாக முழுவதும் போதையாக மாறி விடும். நாசிக், பெங்களூர் நந்தி மலைப் பக்கத்தில் விளையும் ஷிராஸ், கேபர்நே திராட்சையில் இதைச் செய்கிறார்கள். வாயில் வைத்ததும் பாக்கு மென்றது போல நாக்கு இழுக்கும். கெட்டுப் போய் விட்டது என்று கீழே ஊற்றுகிறவரும் உண்டு. அது கெட்டதல்ல. பழத்தோலும் கொட்டையும் கொடுக்கும் துவர்ப்பு, நாவல்பழத் துவர்ப்பு மாதிரி.

ருசி பார்ப்பதை இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்கோவாவை வெறும் இனிப்பை வைத்தா எடை போடுகிறார்கள்? பால் வாசம், காய்ச்சிய பதம் எல்லாம் பார்ப்பதில்லையா? ஒயினுக்கும் அதே நாக்குதான்.

பேப்பரைச் சுற்று!

விலையும் லேபிளும் நாக்கை ஏமாற்றும். 1976 மே 24-ல் பாரீசில் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு நிபுணர்கள் முதல் மார்க் கொடுத்த சிவப்பு ஒயின் அமெரிக்காவின் கலிபோர்னியா சரக்கு! பிரான்சின் பெயர் பெற்ற பாட்டில்கள் பின்தங்கின. பாட்டிலில் பேப்பரைச் சுற்றி விட்டுக் குடித்தால் இங்கேயும் பல "டாப்" ரகங்களின் சாயம் வெளுக்கும்.

டிரை முதலில், இனிப்பு கடைசியில். இல்லாவிட்டால் இனிப்புக்குப் பின் எதுவும் புளிப்பாகத்தான் தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கம்

2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டு வந்த ரகம் என்கிறார்கள். வருஷம் முழுக்கக் காய்க்கும். ஆனாலும் பெரும்பாலும் தின்னும் பழமாகவே லாரி ஏறுகிறது. அறுவடை நேரத்தில் மழை அடித்தால் பழம் வெடித்து, விலை விழுந்து, விவசாயி கையைப் பிசைகிறார். மலைக்கு இந்தப் பக்கம் மாடியில் உட்கார்ந்தவரோ நாசிக் பாட்டிலை உடைக்கிறார்.

இதயத்துக்கு நல்லதா?

"தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு மருந்து" என்பது பழைய கதை. எந்த அளவு ஆல்கஹாலும் உடம்புக்குப் பாதுகாப்பு அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லி விட்டது. புற்றுநோய் அபாயமும் அதில் அடக்கம். ஒயின், பீர், பிராந்தி என்ற பேதம் அதற்குக் கிடையாது.

பேதம் பார்க்காத இன்னொன்றும் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டி வண்டி ஓட்டினால், முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். "ஜூஸ்தான் சார் குடிச்சேன்" என்றால் போலீசார் ஊதச் சொல்லும் கருவி நம்பாது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அன்றிரவு மாடியிலேயே பாய் விரிப்பது நல்லது.