கொடி பிடித்தவனுக்கு உரிமை எங்கே?

கால்பந்து ஏழையின் விளையாட்டு என்பார்கள். உண்மைதான். காவிரி பாயும் நம் ஊர்களிலே, அறுவடை முடிந்த வயலே மைதானம். இரு கழிகளை நட்டால் அதுவே கோல்! ஆனால், அந்த ஏழையின் விளையாட்டு இன்று யார் கையிலே? தொண்டை வறளக் குரல் கொடுக்கும் ரசிகன் கையிலா? கணக்கேடு புரட்டும் முதலாளி கையிலா?

2010 ஆம் ஆண்டு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014 இல் பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். நடிகர்கள் உரிமையாளர்களானார்கள், மைதானங்கள் ஒளி பெற்றன, ஆட்டக்காரர்களின் ஊதியம் உயர்ந்தது. இதை நாம் பழிக்கவில்லை. வியர்வை சிந்துபவன் வயிறார உண்ணட்டும்! ஆனால், ரசிகனுக்குக் கிடைத்தது என்ன?

கோவையைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, 2018–19 இல் ஐ-லீக் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திற்று. கோவை ரசிகர்கள் கொண்டாடினர். ஆயினும் சூப்பர் லீகின் கதவு திறந்ததா? இல்லை! களத்திலே வென்று உள்ளே நுழையும் வழியே அன்று இல்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாதென்று பேசுகிற நாட்டிலே, பணத்தால் உயர்வு தாழ்வு! வென்று நுழையும் வழி, பஞ்சாப் அணிக்கு 2023 இல்தான் கிடைத்தது.

2019 இல் டெல்லி டைனமோஸ் அணி புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா அணியாயிற்று. அணியைத் தன்னுடையதென்று நம்பிய டெல்லி இளைஞனைக் கேட்டார்களா?

தஞ்சைத் தரணிக்கு இது புதிய கதையன்று. உழுதவன் ஒருவன், உரிமை வேறொருவனுக்கு. மிராசுதார் நினைத்தால் அன்றே வெளியேற்றம்! அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1952 இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் தானாக வரவில்லை, போராடியதால் வந்தது. அணி என்ற நிலத்தை அன்பால் உழுகிற ரசிகனுக்குப் பாதுகாப்பு எங்கே?

“முதல் போட்டவன் முடிவு செய்கிறான், உனக்கென்ன?” என்பர் சிலர். ரசிகனின் ஆரவாரம் இல்லையேல் விளம்பரம் ஏது? ஒளிபரப்பு ஏது? முதலாளி விற்கும் சரக்கே நம் பற்றுதானே!

பேசினால் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. 1911 இல் ஆங்கிலப் பட்டாள அணியை வீழ்த்திய மோகன் பகானின் பெயர் முன்னே, 2020 இல் ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்து ஒட்டப்பட்டது. ரசிகர்கள் விடாது எதிர்த்தனர். 2023 இல் அது நீங்கிற்று. 2021 ஏப்ரலில், ஐரோப்பாவின் 12 பணக்கார அணிகள் தமக்கெனத் தனி லீக் அமைக்க முனைந்தபோது, இங்கிலாந்து ரசிகர்கள் தெருவிலே திரண்டனர். ஆறு ஆங்கில அணிகளும் மூன்றே நாளில் பின்வாங்கின. ஜெர்மனியிலோ, சில விலக்குகள் தவிர, அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டுமென்பது விதி.

நாம் கேட்பதும் அதுதான். ரசிகர்களின் ஒப்புதலின்றிப் பெயரை மாற்றாதே! ஊரை மாற்றாதே! நிர்வாகத்திலே ரசிகர்களின் பிரதிநிதிக்கு இடம் கொடு!

இளைஞனே! முதலாளி அச்சடித்த சட்டையை அணிந்து, அவன் சொன்னபோது கை தட்டுவது பற்று ஆகாது, அது பணிவு. நம் ஊர்க் கழகத்திலே முதலில் தொடங்குவோம்: கணக்கைப் பொதுவில் வைப்போம், உறுப்பினர் வாக்கால் முடிவெடுப்போம். அந்தப் பழக்கம் வந்தவனை எந்த முதலாளியும் வெறும் வாடிக்கையாளனாக்க முடியாது!