பாலை வெற்றிடமன்று

பனவடலிசத்திரத்தின் கரிசலில் வாழும் நம்மவர்க்கும் ஜீப் மோகம் வந்துவிட்டது. குடும்பத்தோடு கிழக்கே சென்று, குதிரைமொழித் தேரியின் செம்மணலில் பாதையின்றி வண்டியோட்டுவதே முதல் சாகசமாம். 'வெறும் மணல்தானே, யாருக்கு நட்டம்?' என்கிறார்கள்.

வெறும் மணலா? சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் வட்டாரத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினர். கருவி கிடந்த மண்ணடுக்கே அதன் காலத்தைச் சொல்லும் சாட்சி. டயர் அதைக் கலக்கிவிட்டால், எந்த அறிஞரும் மீண்டும் அடுக்கித் தர முடியாது.

அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைக்குரியவை. அவற்றை வகுப்பில் விதந்தோதிவிட்டு, கண்முன் கிடக்கும் மணல்நிலத்தைப் பாழென்று மிதிப்பது என்ன நியாயம்?

பிள்ளைகளுக்குத் தேரியைக் காட்டத்தான் வேண்டும். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, நடந்து காட்டுவோம்.