வைன் யாருக்கு?

நத்தாருக்கு அம்மா விடியவே அடுப்படிக்குள்ள போயிட்டா. மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கட்லட். மாமா கொண்டுவந்த சிவப்பு வைன் கறியோட சேரேல்லை. அதின்ர துவர்ப்பு மிளகாய் எரிவைக் கூட்டும். எங்கட உறைப்புக்கு, குளிர வச்ச, கொஞ்சம் இனிப்பான வெள்ளை வைன்தான் பொருத்தம்.

ஆனா என்ர கேள்வி வேற. சமைச்ச அம்மாவுக்கு முன்னால ஏன் கிளாஸ் இல்லை?

பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்றது 1979ஆம் ஆண்டு வர்த்தமானி. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன திரும்பப்பெறச் சொன்னார். மது கேடு எண்டால் ஆம்பிளையளுக்கும் கேடுதானே?

அம்மாவைக் குடிக்கச் சொல்லேல்லை. வேணுமோ வேண்டாமோ எண்டு அவ சொல்லட்டும். முதல்ல அவவுக்கும் ஒரு கதிரை போடுங்கோ.